குவாதலூப் மழைக்காட்டுக்கு அம்மாவோடு போகலாமா?

பாரிஸ்வசி

வணக்கம் உறவுகளே. பெப்ரவரி பள்ளி விடுமுறைக்குக் கரிபியனில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், 7 வயது மகன், அப்புறம் 68 வயது அம்மா. பாரிசிலிருந்து எட்டரை மணி நேரப் பறப்பு. அங்கேயும் யூரோ, அங்கேயும் பிரெஞ்சு, அதனால் பெரிய பதற்றம் இல்லை. கோசியே பக்கம் கடற்கரைக்குக் கிட்ட வீடு எடுத்தாயிற்று.

மலைக்காடு பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். காலையில் கார்பே அருவி, மத்தியானம் சுஃப்ரியேர் எரிமலை, திரும்பும்போது காட்டைக் குறுக்கறுத்துப் போகிற திராவெர்சே வீதி. சரிவருமா? அம்மாவுக்கு இடது முழங்கால் வலி. படி இறங்கத்தான் கஷ்டம், ஏறுவார். ‘அருவி இருக்குதாமே’ என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். இப்போது கடலைப் பற்றிக் கதையே இல்லை, அருவி அருவி என்றே இருக்கிறார்.

மழைப்பித்தன்

வசி, ஒரே நாளில் மூன்றும் என்பது வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. நானும் முதல் தடவை அதையேதான் போட்டேன். அன்று எரிமலை தெரியவில்லை, பாதி அருவி தெரிந்தது, திராவெர்சேயில் இருட்டிவிட்டது. அதன் பிறகு இரண்டு தடவை போய்த்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் ஊரின் அமைப்பு. வண்ணத்துப்பூச்சி இறக்கையை விரித்த மாதிரி இரண்டு தீவுகள், நடுவில் ஒடுங்கிய கடல்கால். நீங்கள் தங்குகிற கிழக்கு இறக்கை கிராந்த்-தேர்: தட்டை, சுண்ணாம்புக்கல், கரும்பு. மேற்கு இறக்கை பாஸ்-தேர்: முழுக்க எரிமலை மலை. பாஸ்-தேர் என்றால் பிரெஞ்சில் ‘தாழ்ந்த நிலம்’. மலைக்குப் போய் இந்தப் பெயரா என்று கேட்காதீர்கள். பாய்மரக் கப்பல்காரர் வைத்த பெயர் அது, காற்றுக்கு ஒதுங்கின பக்கம் என்று அர்த்தம். காற்று வந்து மோதுகிற பக்கம் காப்பெஸ்தேர், அந்தப் பக்கத்தில் அதே பெயரில் ஓர் ஊரும் உண்டு. அட்லாண்டிக் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற காற்று மலையில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே கொட்டிவிடும். சுஃப்ரியேர் உச்சியில் வருடத்துக்குச் சுமார் 10 மீட்டர் மழை. மில்லிமீட்டர் இல்லை, மீட்டர்! அந்தத் தண்ணீர்தான் உங்கள் அம்மா கேட்கிற அருவி.

தேசியப் பூங்கா 1989-இல் அறிவிக்கப்பட்டது. பாஸ்-தேரின் நடுமலைக் காடு மட்டும் சுமார் 17,000 ஹெக்டேர். அதற்குள் கார்பே ஆறு மூன்று தடவை விழுகிறது. மேலிருந்து எண்ணுவார்கள்: முதல் அருவி 115 மீட்டர், இரண்டாவது 110, மூன்றாவது வெறும் 20 (ஆனால் தண்ணீர் அதில்தான் அதிகம்). படங்களில் பார்ப்பது எல்லாம் இரண்டாவதுதான். வண்டியை நிறுத்திவிட்டு 20 நிமிட நடை, பெரும்பாலும் சீர்படுத்திய பாதை. அம்மாவோடு இதற்குப் போகலாம். முதலாவதுக்கு அதே இடத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டும். வேர், சேறு, வழுக்குப் பாறை. 7 வயதுக்காரனோடு வேண்டாம்.

சுஃப்ரியேரை விட்டுவிடுங்கள். 1,467 மீட்டர், சிறிய அந்தீய் தீவுகளிலேயே உயரமான இடம். 950 மீட்டரில் இருக்கிற பேன் ழோன் வெந்நீர்க் குளத்தடியில் நடை ஆரம்பிக்கும். போய்வர மூன்றரை மணி நேரம் பிடிக்கும், மேலே பெரும்பாலான நாட்களில் மேகம். அதோடு உச்சியில் கந்தகப் புகை கக்குகிற பகுதிகளுக்குப் போகத் தடையும் உண்டு.

பாரிஸ்வசி

நன்றி அண்ணா. எரிமலையை வெட்டினேன். மகள் அழப்போகிறாள், பள்ளியில் எரிமலை பற்றிப் படித்துவிட்டுத் தீக்குழம்பு பார்க்கிற ஆசையில் இருக்கிறாள்.

மழைப்பித்தன்

அங்கே தீக்குழம்பு கிடையாது என்று சொல்லிவிடுங்கள். 1976-இல் வெடித்தபோதுகூட நீராவியும் சாம்பலும் கல்லும்தான். ஆகஸ்ட் நடுவில் 70,000-க்கும் மேற்பட்டவர்களை ஊரைவிட்டுக் கிளப்பி, மாதக்கணக்கில் வெளியே வைத்திருந்தார்கள். கிளப்பியது சரியா தவறா என்று ஹாருன் தாசியெஃப், குளோத் அலேக்ர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பாரிசில் போட்ட சண்டை பிரெஞ்சு அறிவியலில் பெரிய கதை. கடைசியில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. மலை இன்னும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது, 1999 முதல் மஞ்சள் எச்சரிக்கை நிலையில்.

சாந்தியக்கா

தம்பி வசி, உங்கள் அம்மாவின் வயதுதான் எனக்கும். போன வருடம் மகனோடு போனேன். மழைப்பித்தன் தம்பி ‘சீர்படுத்திய பாதை’ என்று சுலபமாக எழுதிவிட்டார். கல்லுப் பாவியிருக்கிறது, உண்மை. ஆனால் அந்தக் கல்லின் மேல் பாசி, பாசியின் மேல் இலை, இலையின் மேல் மழை. நான் பாரிசில் போடுகிற அதே சப்பாத்தோடு போய் இரண்டு இடத்தில் வழுக்கி, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டே போனேன். அடியில் பல்லு இருக்கிற சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். குடையை மழைக்கு நம்ப வேண்டாம், பொல்லு மாதிரி ஊன்ற நல்லது.

அருவியின் அடிக்குப் போய்த் தலை நனைக்கலாம் என்று நினைத்திருந்தேன். விடமாட்டார்கள். 2004 நில நடுக்கத்திற்குப் பிறகு கல் உருண்டு விழுகிற இடமாகிவிட்டதால் எட்ட நின்று பார்க்கத்தான் முடியும். எனக்கு அது போதுமாக இருந்தது. சத்தம் நெஞ்சுக்குள் கேட்கும்.

இன்னொன்று. காப்பெஸ்தேருக்குப் போகிற பெரிய வீதியோரத்திலேயே ஷாங்ஜி என்ற இடத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோபுரம், சாமிச் சிலை எல்லாம் பச்சை மஞ்சள் சிவப்பாக வடிவாக நிற்கும். எப்படியும் அருவிக்கு அந்த வழியால்தான் போக வேண்டும். அம்மாவை இறக்கிக் காட்டுங்கள்.

ஒற்றைக்கொம்பன்

எல்லாரும் அருவியின் உயரத்தையே அளக்கிறீர்கள். ஆற்றில் இறங்குவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. மலைச்சரிவின் கீழே முழுக்க வாழைத் தோட்டம். அந்த வாழைக்கு 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். கிழங்கைத் துளைக்கிற வண்டுக்காக. பிரான்சில் 1990-இல் தடை வந்த பிறகும் தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து மூன்று வருடம் ஓட்டினார்கள். குவாதலூப்பிலும் அருகிலுள்ள பிரெஞ்சுத் தீவான மர்த்தினிக்கிலும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இரத்தத்தில் அது இருக்கிறது. 2023 ஜனவரியில் விசாரணை நீதிபதிகள் வழக்கையும் மூடிவிட்டார்கள், ஒருவருக்கும் தண்டனை இல்லை. இந்த மண்ணுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஆற்றில் குளிக்க விடுவீர்களா?

மழைப்பித்தன்

சொன்னது எல்லாம் உண்மை. சேர்த்த இடம்தான் தவறு. அந்த மருந்து தண்ணீரில் ஓடிப்போகிற ஜாதி இல்லை, மண்ணைப் பிடித்துக்கொள்ளும், போகாது. உடம்புக்கு வருவது வாய் வழியாக: அந்த மண்ணில் விளைந்த சேம்பு, வள்ளிக்கிழங்கு, கீழ் ஆறுகளில் பிடித்த மீன், இறால். அதனால்தான் அங்கே மீன்பிடிக்கத் தடை. பூங்காவுக்குள் இருக்கிற காடு தோட்டங்களுக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் மேலிருந்து கீழேதானே ஓடும்? வாழைக்கு அடித்த மருந்து மலையேறி அருவிக்குப் போகாது.

ஒற்றைக்கொம்பன்

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலிக்காய்ச்சல்? வெந்நீர்க் குளத்து அமீபா?

மழைப்பித்தன்

அதற்கு ஒரு வணக்கம். காயத்தோடு ஆற்றில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அங்கே உண்டு. வெந்நீர்க் குளங்களில் தலையை முக்கக் கூடாது. அந்த அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும், 2008-இல் அங்கே ஒரு குழந்தை இறந்தது. கழுத்து வரைக்கும் உட்காரலாம், பிள்ளைகள் முங்கி விளையாடக் கூடாது. இந்தச் சண்டையில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், போதுமா?

இவை இரண்டையும்விட எனக்குப் பயம் திடீர் வெள்ளம். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் கொட்டும். அங்கத்தவர்கள் ‘ஆறு இறங்குது’ என்பார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், துண்டைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டும். பெப்ரவரி அங்கே வறண்ட காலம், கரேம் என்பார்கள். அதை நம்பி ஏமாறக் கூடாது. மலைக்கு வறண்ட காலம் என்றால் ‘மழை கொஞ்சம் குறைவு’ என்று மட்டும்தான் அர்த்தம்.

மாம்பலம்_டு_மயாமி

இடையில் நுழைகிறேன். நாங்கள் போர்ட்டோ ரிக்கோவில் எல் யுங்கே காட்டுக்குப் போனோம். அமெரிக்காவின் தேசியக் காடுகளில் வெப்பமண்டல மழைக்காடு அது ஒன்றுதான். அருவி, கோபுரம் எல்லாம் சரி, என் பையனுக்கு நினைவில் நிற்பது தவளை. ‘கோ-கீ, கோ-கீ’ என்று இரவெல்லாம். அதனால் அதன் பெயரே கோகி. கட்டைவிரல் அளவு உருவம், சத்தம் மட்டும் விசில். அதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லையாம், முட்டையிலிருந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். குவாதலூப்பில் உண்டா?

மழைப்பித்தன்

அதன் சொந்தக்காரன் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை. முதல் ராத்திரி பூச்சி என்று நினைத்து அறை முழுக்கத் தேடினேன்.

மிருகம் என்றால் பூங்காவின் சின்னமாக இருந்ததைச் சொல்ல வேண்டும். ரக்கூன்! இந்தத் தீவுக்கே உரிய தனி இனம் என்று பல காலம் கொண்டாடினார்கள். பிறகு பார்த்தால் வட அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்துவிட்ட சாதாரண ரக்கூன். உண்மையிலேயே அந்தத் தீவுக்கு மட்டும் சொந்தமான மரங்கொத்தி ஒன்று இருக்கிறது, உடம்பு முழுக்கக் கருப்பு. அதைப் பார்க்க வாய்த்தால் ரக்கூனை மறந்துவிடுங்கள். பாம்புப் பயம் வேண்டாம். மர்த்தினிக்கில் இருக்கிற விஷப் பாம்பு இங்கே இல்லை. வீதியைக் குறுக்கே கடக்கிற கீரியைப் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள், நம்மூர்க்காரர். கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க இந்தியாவிலிருந்து கொண்டுபோனது.

காரைக்கால்காரன்

கீரிக்கு முன்னாலேயே நம்மூர்க்காரர் போய்விட்டார்கள். 1854 டிசம்பர் 24, ஒரேலி என்ற கப்பல். அதில் தொடங்கி 1889 வரை 42,000 பேருக்குக் கிட்ட. புதுச்சேரியிலும் எங்கள் காரைக்காலிலும் ஏற்றினார்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புக்கு ஆள் இல்லை, அதற்காக ஒப்பந்தக் கூலி. நிறையப் பேர் திரும்பவே இல்லை. செத்தவர்கள் பாதி, தங்கியவர்கள் பாதி என்று எங்கள் தாத்தா சொல்வார், அவர் கணக்கு எவ்வளவு சரியோ. காப்பெஸ்தேர் அவர்கள் கூடி வாழ்ந்த ஊர்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் பெயரை மட்டும் மறக்காதீர்கள்: ஆன்றி சிதம்பரம். 1863-இல் அங்கேயே பிறந்தவர். இந்தியர்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கக் கூடாது என்று எதிர்த்தபோது, 1904 முதல் 1923 வரை வழக்கு நடத்தி ஜெயித்தார். பத்தொன்பது வருடம்! இன்றும் அங்கே முத்துசாமி, ராமசாமி என்று குடும்பப் பெயர்கள் உண்டு. பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் எழுதியிருப்பார்கள், வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும்.

மொழி போய்விட்டது. பூசையில் பாடுகிற தமிழ்ப் பாட்டு மட்டும் காதால் கேட்டுக் காதால் கொடுத்தது, அர்த்தம் தெரியாமலே வந்திருக்கிறது. மதுரை வீரன் ‘மால்தெவிலென்’ ஆகிவிட்டார். மஞ்சள் ‘மாஞ்ஜா’.

சாந்தியக்கா

‘கொலொம்போ’ என்று கறி கொடுத்தார்கள். கொத்தமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள். ஆட்டிறைச்சியில் போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பெயர் என்று கடைக்காரப் பெண் சொன்னாள். எனக்கு அது குழம்பாகத்தான் பட்டது.

காரைக்கால்காரன்

அக்கா, இந்த வழக்கு தீராது. பூசையில் வெட்டின ஆட்டைச் சமைத்தால் அதற்கு அவர்கள் ‘கொல்பு’ என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது சந்தேகமில்லாமல் குழம்பு. அப்படியென்றால் கொலொம்போ என்ன? நானே இருபது வருடமாக இரண்டு கட்சிக்கும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பாரிஸ்வசி

எல்லோருக்கும் நன்றி. நாளை மறுநாள் விமானம். திட்டம்: ஒரு நாள் கார்பே இரண்டாம் அருவியும் கோயிலும் மட்டும். இன்னொரு நாள் திராவெர்சே. வந்து எழுதுகிறேன்.

மழைப்பித்தன்

விடியற்காலையில் கிளம்புங்கள். புவாந்த்-ஆ-பித்ரைக் கடக்கிற பாலத்தில் நெரிசல் வந்துவிட்டால் ஒரு மணி நேரம் போச்சு. முந்தின நாள் பலத்த மழை என்றால் பாதையை மூடிவிடுவார்கள், பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பாரிஸ்வசி

வந்துவிட்டோம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரில் முதல் சங்கடம். கொடுத்தவர்கள் பெயர் வேண்டாம். முன் சக்கரம் இரண்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தன. மலைக்குப் போகிறோம் என்று சொல்லி மாற்றிக் கேட்டதில் அரை நாள் போனது. நீங்கள் யாராவது எடுத்தால் சாவியை வாங்க முன் குனிந்து சக்கரத்தைப் பாருங்கள்.

அருவி நாளில் காலை ஆறே காலுக்குக் கிளம்பினோம். செந்-சோவேர் என்ற இடத்தில் பெரிய வீதியை விட்டு மலைப் பக்கம் திரும்பியதும் இரண்டு பக்கமும் வாழை. குலைக்குக் குலை நீலப் பை மாட்டியிருந்தது. மகன் ‘வாழைப்பழத்துக்கு ஏன் மழைச்சட்டை’ என்று கேட்டான். ஒற்றைக்கொம்பன் அண்ணா எழுதினது எனக்கு ஞாபகம் வந்தது. பிள்ளையிடம் பூச்சி கடிக்காமல் இருக்க என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் மேலே ஏறியதும் வாழை முடிந்து காடு தொடங்கியது. கோடு போட்ட மாதிரி. காரின் கண்ணாடி உள்ளே இருந்து வேர்த்தது.

வாசலில் ஆளுக்குச் சில யூரோ வாங்கினார்கள். அம்மா புதுச் சப்பாத்தோடும் மூடின குடையோடும் நடந்தார். நான் ஏறத்தான் கஷ்டப்படுவார் என்று முன்னே நடந்தேன். மறந்துவிட்டேன், அவருக்கு இறங்கத்தானே கஷ்டம். பாதை முதலில் இறங்கித்தான் போகிறது. ஒவ்வொரு படிக்கும் பக்கவாட்டாகத் திரும்பி, குடையை ஊன்றி, ‘முருகா’ என்று ஒரு கால். அடுத்த படி, ‘முருகா’. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். 20 நிமிட நடை எங்களுக்கு 45 நிமிடம்.

நடுவில் ஒரு மரம். வேர் பலகை பலகையாக நிலத்திலிருந்து எழும்பி நின்றது, என் உயரத்துக்கும் மேலே. அக்கோமா என்று எழுதியிருந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவில் மகன் புகுந்து நின்றான், வெளியே தெரியவில்லை. அம்மா கைவிரல் மடக்கி அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தார், கதவைத் தட்டுகிற மாதிரி. ‘உள்ளே பொள்ளலில்லை’ என்றார். ஊரில் அவரது அப்பா தச்சர்.

பார்க்கிற மேடைக்கு வந்தபோது ஒன்றும் இல்லை. வெள்ளை. சத்தம் மட்டும். எங்களுக்கு முன் வந்த ஒரு சோடி படம் எடுக்காமல் திரும்பிவிட்டது. அம்மா ‘வந்ததுக்கு இருப்பம்’ என்று குந்திவிட்டார். மகள் பிஸ்கட் பையைத் திறந்தாள். பத்து, பதினைந்து நிமிடம் இருக்கும். மேகம் கீழிருந்து மேலே சேலையைத் தூக்கின மாதிரி எழும்பியது. முதலில் அடிப்பாறை, பிறகு நடு, பிறகு உச்சி. மூன்று நிமிடம் இருந்திருக்குமோ என்னவோ, திரும்ப மூடிவிட்டது. நான் எடுத்த படத்தில் அம்மாவின் பின்தலைதான் அதிகம்.

கொலம்பஸ் 1493 நவம்பரில் இந்தத் தீவுக்கு வந்தபோது கடலிலிருந்தே அருவி தெரிந்ததாம். அன்றைக்கு மேகம் இருந்திருக்காது.

சாந்தியக்கா

இருந்து பார்த்தது நல்லது. கோயில்?

பாரிஸ்வசி

அதையும் எழுதுகிறேன் அக்கா. திரும்பும்போது மத்தியானம் போனோம். உச்சி வெயில், ஒருவரும் இல்லை, ஒரு முதியவர் மட்டும் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். பிரெஞ்சில் பேசினார். தமிழ் தெரியுமா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டு தலையாட்டினார், இல்லை என்று. அம்மாவுக்குப் பிரெஞ்சில் நாலு சொல்தான் வரும். அம்மா கும்பிட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை.

அவர் விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் நின்ற மரத்திலிருந்து ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வந்தார். அம்மாவிடம் நீட்டி, ‘வெப்பெலெ’ என்றார்.

அம்மா வாங்கி, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். ‘ஓம், வேப்பிலை’ என்றார். அவர் திரும்பவும் சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் நீட்டி. அம்மா திருத்தினார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அந்தக் கொத்து விமானத்தில் கைப்பைக்குள் வந்திருக்கிறது என்று நேற்றுத்தான் எனக்குத் தெரியும்.

காரைக்கால்காரன்

செடிகொடி கொண்டுவர அனுமதி இல்லை தம்பி. ஆனால் நான் எதுவும் படிக்கவில்லை.